ஓட்டோவின் நான்காவது சில்லு

ஓட்டோவுக்குச் சில்லு மூன்று என்பது வெளியில் நின்று பார்ப்பவர்களின் கணக்கு. ஓட்டுகிறவனைக் கேட்டால் நான்கு என்பான். நான்காவது அவனுடைய முதுகு. முதல் மூன்றுக்கும் காற்றடிக்க, ஒட்டுப்போட, கழற்றி மாற்றப் புத்தளத்தில் சந்திக்குச் சந்தி கடை இருக்கிறது. நான்காவது போனால் என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டிஸ்க் விலகிய சகோதர சகோதரிகளே, இது உங்களுக்காக எழுதியது. உட்கார்ந்து வாசிக்க முடியாதவர்கள் நின்று வாசியுங்கள். நிற்கவும் முடியாதவர்கள் படுத்துக்கொண்டு யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். தும்மல், இருமல், சிரிப்பு மூன்றும் நமக்கு ஒரே குடும்பத்து எதிரிகள். வலி இல்லாதவர்களும் வாசிக்கலாம், தடையில்லை. உங்கள் முறை எப்போது வரும் என்று யார் கண்டது?

சீட்டுக்கு அடியில் ஜக்

சபீனா தாத்தா கருவாட்டு வியாபாரி. எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா. வெளியூர் வாசகர்கள் தயவுசெய்து மீசை வைத்துக் கற்பனை செய்ய வேண்டாம். பள்ளிவாசல்துறையில் கருவாடு கட்டிக்கொண்டு வந்து புத்தளம் சந்தையில் போடுவார். அன்று அவரையும் இரண்டு சாக்குக் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு கற்பிட்டி வீதியால் வந்தேன். பாலாவிக்குக் கிட்ட பின் டயர் ஒன்று வெடித்தது.

சில்லு கழற்ற வண்டியை உயர்த்துகிற ஜக் என்னிடம் இருந்தது. ஆனால் அது பின் சீட்டுக்கு அடியில். சீட்டுக்கு மேல் சபீனா தாத்தா. நெருப்பாய்க் கொதிக்கிற வெயில், ஒதுங்கி நிற்க ஒரு முள்மரம்கூட இல்லை. வயதில் மூத்த ஒரு பெண்ணை அந்த வெயிலில் இறங்கி நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டோக்காரர்கள் எங்களுக்கு இதற்கொரு குறுக்கு வழி இருக்கிறது. வண்டியின் ஒரு பக்கத்தை ஒருவன் கையால் தூக்கிப் பிடிப்பான், இன்னொருவன் கல்லை அடியில் தள்ளுவான். வெறும் வண்டி என்றால் பழகியவனுக்கு அது பெரிய காரியமில்லை. நான் சபீனா தாத்தாவையும் கருவாட்டையும் சேர்த்துத் தூக்கினேன்.

சைக்கிளில் போன ஒருவர் இறங்கி வந்து கல்லைத் தள்ளிவிட்டார். கல் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. என் இடுப்புக்குள் இருந்த ஏதோ ஒன்றுதான் தன் இடத்தைவிட்டுக் கிளம்பியது. நான் போட்ட சத்தம் உப்பளம்வரை கேட்டிருக்கும். தாத்தா தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார்:

"என்ன தம்பி, அச்சு முறிஞ்சிட்டா?"

பிதுங்கிய டியூப்

என்னையும் வண்டியையும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அன்ரன். சிறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, எங்களூரிலேயே தங்கி, எங்களோடு ஓட்டோ ஓடுகிறவன். பெரியாஸ்பத்திரிக்கும் அவன்தான் கொண்டுபோனான். இடுப்பில் தொடங்கிய வலி அப்போது வலது தொடை வழியாக இறங்கி, பெருவிரலில் போய்க் குந்திக்கொண்டிருந்தது. படம் எடுத்துப் பார்த்த டொக்டர் தமிழில் பொறுமையாகச் சொன்னார். டயரில் வெட்டு விழுந்தால் அதற்குள்ளால் டியூப் பிதுங்கும் அல்லவா, அதுபோல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கிக் காலுக்குப் போகிற நரம்பை நெரிக்கிறதாம்.

கால் இன்னும் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் சிக்கல் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஓடி வரவேண்டும், அப்போது ஒப்பரேஷன்தான் என்றார். மற்றப்படி மருந்து, பயிற்சி, பொறுமை. ஓட்டோ ஓடலாமா என்று கேட்டேன். என் வலது பாதத்தை மேலே உயர்த்தச் சொல்லிவிட்டு, அதை ஒற்றை விரலால் கீழே அமர்த்தினார். பாதம் எதிர்ப்பே காட்டாமல் படுத்துவிட்டது. பிரேக்குக்கும் இந்தக் கால்தானே, இது சொல்வழி கேட்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்தக் கதிரையில் இருந்தபடியே எனக்குள் ஒரு பயம் வந்து அமர்ந்தது. அதை மறைக்கத்தான் பகிடியாக, டியூபுக்கு ஒட்டுப்போட ஏலாதா டொக்டர் என்றேன். அவர் சிரித்தார்.

"ஒங்கட ஓட்டோ டியூப் தானா உள்ளுக்குப் போகாது. இது பெரும்பாலும் தானாவே சுருங்கும். நீங்க மட்டும் அவசரப்படாம இருங்க."

காலால் பிறந்தவர்

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கட் ஒரு கையில், வைத்தியம் மறு கையில். ஒருவர் எண்ணெய் சொன்னார், ஒருவர் சிலாபத்துப் பக்கத்தில் எலும்பு பார்க்கிற சிங்கள நாட்டு வைத்தியர், வெதமாத்தயா ஒருவரைச் சொன்னார். முன்னேஸ்வரத்திலிருந்து வந்த ஓட்டோக்காரர் ஒருவர் அவித்துக் குடிக்கச் சொல்லி ஒரு கட்டு வேரோடு வந்தார். என் மனைவி சுலைஹா எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு, டொக்டர் தந்ததை மட்டும் தந்தாள்.

கடைசியில் பக்கத்து வீட்டார் ஒரு முடிவான மருந்தோடு வந்தார்கள். பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்த ஆள் முதுகில் மிதித்தால் எந்தப் பிடிப்பும் விட்டுவிடுமாம். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்தும் விட்டார்களாம். வாசலை அடைத்துக்கொண்டு வந்து நின்றார் காதர் நானா. தாத்தா அக்கா என்றால், நானா அண்ணன். மீன் வாடியில் பெட்டி சுமக்கிறவர். ஐஸ் போட்ட மீன்பெட்டியை அவர் ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். பாயில் குப்புறப் படுத்திருந்த எனக்கு முதலில் தெரிந்தது அவருடைய பாதங்கள்தான். கலிமா சொல்லிக்கொண்டு கண்ணை மூடினேன். சுலைஹா தேங்காய்த் துருவியோடு குறுக்கே வந்து நின்றாள். நல்லவேளையாக, அவள் வாய் திறக்கும் முன்பே காதர் நானாவே பின்வாங்கிவிட்டார். என் முதுகைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், வெட்கத்தோடு சொன்னார்:

"நான் பொறக்கிற நேரம் இவ்வளவு பெரிசா இருக்கல்ல தம்பி."

விழுந்த சாவி

கையிலிருந்து சாவி நழுவிக் கீழே விழுவது மற்றவர்களுக்கு ஒரு சம்பவமே இல்லை. நமக்கு அது வேறு ஊருக்குப் போய்விட்ட மாதிரி. அலுமாரிச் சாவி விழுந்த அன்று நான் அதை நின்று பார்த்தேன். காலால் நகர்த்திப் பார்த்தேன். முழங்காலை மடிக்கலாமா, சுவரைப் பிடிக்கலாமா, கதிரையை இழுக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நின்றேன். குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த சுலைஹா இரண்டு தரம் எட்டிப் பார்த்தாள். அப்போது அவள் பிழிந்து விற்கிற இடியப்பத்தில்தான் வீடு நடந்தது. மூன்றாம் தரம் வெளியே வந்து, மாவுக் கையோடு குனிந்து சாவியை எடுத்தாள்.

"என்ன, அது மொளச்சி வாறவரைக்கும் பாத்துக்கிட்டு நிக்கிற யோசனையா?"

கடைசி வரிசை

எழுந்து நடக்க முடிந்ததும் ஜும்ஆவுக்குப் போனேன். நிற்கலாம், குனிய முடியாது. பள்ளிவாசலில் கடைசி சஃபில், அதாவது கடைசி வரிசையில், ஓரமாகக் கதிரைகள் போட்டிருப்பார்கள், முழங்கால் தேய்ந்த பெரியவர்களுக்காக. அத்தனை காலமும் அந்தக் கதிரைகளைக் கடந்துதான் நான் முன்னால் போயிருக்கிறேன். அதில் உட்கார்ந்தவர்களை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அன்று அதில் ஒன்று எனக்கு.

எல்லோரும் ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது நான் கதிரையில் இருந்து தலையை மட்டும் தாழ்த்தினேன். நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. தொழுகை முடிந்ததும் பக்கத்துக் கதிரையில் இருந்த ஹாஜியார் என் கண்ணைப் பார்த்தார். இரண்டு முழங்காலும் போன மனிதர், என் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார்.

"வா மகன், இந்த சஃப்ல இனி நீதான் மாப்பிள்ள. எங்க எல்லாருக்கும் பொண்ணு தேடுற வயசு தாண்டிட்டு!"

வரிசையில் ஒரு டயர்

ஓட்டோக்கள் ஹயருக்கு, அதாவது சவாரிக்கு, காத்து நிற்கிற இடத்தை நாங்கள் பார்க் என்போம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பார்க். அங்கே சட்டம் ஒன்றுதான்: வரிசை. முன்னால் நிற்பவனுக்குத்தான் அடுத்த ஹயர். தேத்தண்ணி குடிக்கப் போகிறவன் தன் இடத்தில் கல்லையோ போத்தலையோ வைத்துவிட்டுப் போனால் அதை யாரும் தாண்டமாட்டார்கள். ஆனால் கிழமைக்கணக்கில் வராமல் இருந்தால் இடம் போய்விடும். வேறு ஆள் வந்துவிடுவான், பிறகு கெஞ்சினாலும் கிடைக்காது. எனக்குக் காலைவிடப் பெரிய கவலை அதுதான். கால் சரிவந்தாலும் நிற்க இடம் வேண்டுமே.

ஒரு நாள் மெல்ல நடந்து பார்க் பக்கம் போனேன். வரிசையில் நான்கு ஓட்டோ, அதற்குப் பின்னால் ஒரு பழைய டயர், அதற்குப் பின்னால் இன்னும் மூன்று ஓட்டோ. என்ன இது என்று அன்ரனைக் கேட்டேன். பாலாவியில் வெடித்த என்னுடைய டயர்தானாம். முன்னால் உள்ள வண்டி போகப் போக, பின்னால் நிற்பவன் காலால் அதை ஒரு தள்ளுத் தள்ளுவான். அது முன்னுக்கு வந்து சேர்ந்தால், எடுத்துக் கடைசிக்கு உருட்டிவிடுவார்கள். நான் படுத்த நாளிலிருந்து என்னுடைய டயர் எனக்காகப் பார்க்கில் நின்றிருக்கிறது. ஓரமாக நின்று, அது முன்னுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற நான்கும் ஹயரில் போன நேரம் பார்த்து, மன்னார் பஸ்ஸால் இறங்கிய ஒரு முதியவர் இரண்டு பைகளோடு வேகமாக வந்தார். டயர் அப்போது முதலிடத்துக்கு வந்திருந்தது. பழக்கதோஷத்தில் அன்ரன், "முதல்ல நிக்கிறதில ஏறுங்கோ ஐயா" என்று கையைக் காட்டிவிட்டான். அவர் டயரைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தார்.

"ஏறலாம் தம்பி, ஆனா இதில நான் எங்க குந்துறது?"

குதிகால் நடை

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி சொல்லித் தந்தவர் ஓர் இளம்பெண். வன்னியிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். மிஸ் என்று நான் கூப்பிடுவேன், அங்கிள் என்று அவர் கூப்பிடுவார். நாற்பத்து மூன்று வயதுக்காரனுக்கு அது டிஸ்கைவிட வலிக்கிற சொல். அவருடைய பரீட்சை சின்னது: பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, குதியால் மட்டும் நடந்து சுவர்வரை போகவேண்டும். அதில் தேறினால்தான் ஓட்டோ. நானும் போவேன். இடது பாதம் தூக்கியபடி நிற்கும். வலது பாதம் இரண்டாம் எட்டிலேயே சப்பென்று விழும். ஒவ்வொரு தரமும் மிஸ், "பரவாயில்லை அங்கிள், அடுத்த கிழமை பாப்பம்" என்பார். நோன்பு முடிந்து பெருநாளும் போனது. பாதம் விழுகிற சத்தம் மட்டும் மாறவில்லை.

ஒரு நாள் மனம் விட்டுப்போய்ப் பார்க்குக்கு வந்து, ஓட்டோவை விற்கப் போகிறேன் என்றேன். அன்ரன் ஏசினான். பிறகு, அப்படி என்ன பெரிய நடை, நடந்து காட்டு என்றான். காட்டினேன். தானும் நடந்தான். அவனுடைய வண்டி அவனை முன்னால் இழுத்தது. நான் சொல்வது வயிற்று வண்டியை; எங்கள் பேச்சில் தொந்திக்கும் வண்டி என்றுதான் பெயர். இதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்க்கில் இருந்த அத்தனை பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையை விரித்து, ஆளை ஆள் பிடித்து, தள்ளாடித் தள்ளாடிக் குதிகாலில் போனோம், வந்தோம். குடையோடு வந்து நின்ற ஒரு ரீச்சர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பிமார், இந்தப் பார்க்கில குடிவெறி இல்லாத ஆள் ஒராளாவது இருக்கிறீங்களா?"

சுவர்வரை

அதற்குப் பிறகு தினமும் ஹயர் இல்லாத நேரத்தில் பார்க்கில் குதிகால் நடை நடந்தது. எனக்குச் சுகம் வருகிறதோ இல்லையோ, அன்ரனின் வயிறு கொஞ்சம் இறங்கியது. ஒரு காலையில் மூன்றாம் எட்டு வைத்தேன், பாதம் விழவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விழுந்துவிடும் என்று பயம்.

அடுத்த தடவை மிஸ்ஸுக்கு முன்னால் நடந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். சுவரில் நெற்றி முட்டியபோதுதான் வந்து சேர்ந்ததே தெரிந்தது. மிஸ் என் பாதத்தை உயர்த்தச் சொல்லிக் கையால் அமர்த்திப் பார்த்தார், அது எதிர்த்து நின்றது. டொக்டரும் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது மிஸ் நிபந்தனைகளை அடுக்கினார். ஒவ்வொரு ஹயருக்குப் பிறகும் இறங்கி நடக்கவேண்டும், பாரம் தூக்கக்கூடாது, பயிற்சியை விடக்கூடாது. "டயர் போனால்?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். "ஜக், மிஸ்" என்றேன்.

"அப்ப உங்களுக்குச் சுகம் வந்திட்டுது, அங்கிள்."

கழுதைக்கு நன்றி

டயரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதன் இடத்தில் என் ஓட்டோவை நிறுத்தினேன். சுலைஹா தைத்துத் தந்த சின்னத் தலையணை இடுப்புக்குப் பின்னால். முதல் ஹயர் ஒரு கடைக்கார முதலாளி. எங்களூரில் வீதி எவ்வளவு நமக்குச் சொந்தமோ, அவ்வளவு கழுதைகளுக்கும் சொந்தம். உப்புத் தண்ணிக் களப்போரம் திரும்பும்போது ஒன்று திடீரென்று குறுக்கே வந்து நின்றது. நான் யோசிக்க முன்பே கால் பிரேக்கில் இருந்தது. வண்டி நின்றது. கழுதை நகர்ந்ததும் கால் தானாகவே எழும்பியது. அல்ஹம்துலில்லாஹ். இறங்கிப் போய் அந்தக் கழுதையின் கழுத்தைக் கட்டிப் பிடிக்கவேண்டும்போல் இருந்தது. பின்னால் இருந்தவருக்கு இது ஒன்றும் தெரியாது.

"ஏன் தம்பி கழுதையப் பாத்துச் சிரிக்கிற, தெரிஞ்ச ஆளா?"

மெதுவாகப் போகிற ஓட்டோ

வலி போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஹயர் காசு தராத பயணியாக என்னோடுதான் வருகிறது. சில நாள் சத்தமில்லாமல் இருக்கும், சில நாள் முதுகில் தட்டி இறங்கு என்னும். இறங்கி நடப்பேன். ஆனால் அது எனக்கு வீதியைச் சொல்லித் தந்துவிட்டது. பாலாவிவரை எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் தார் கிளம்பியிருக்கிறது என்று இப்போது எனக்கு இடுப்பாலேயே தெரியும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, சாய்த்து, பூப்போல் இறக்கி ஏற்றுவேன். இளம் பொடியன்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்திப் போவார்கள். போகட்டும், அவர்களுக்கும் முதுகு இருக்கிறது.

இதனால் ஹயர் குறையும் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் நிறைமாதப் பெண் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவள் போய்த் தன் தங்கையிடம் சொன்னாள், தங்கை பக்கத்து வீட்டில் சொன்னாள். இப்போது கர்ப்பிணிகள், மூட்டு வலிக்காரர்கள், முட்டை வியாபாரி எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன கிழமை முன்பின் தெரியாத ஓர் உம்மா நிறைமாத மகளைக் கையில் பிடித்தபடி பார்க்குக்கு வந்து அன்ரனிடம் விசாரித்தார்:

"பள்ளத்துக்கெல்லாம் ஸலாம் சொல்லிட்டுப் போற ஓட்டோ எது தம்பி?"

திரும்பவும் பாலாவி

இதை எழுதத் தூண்டியது இரண்டு நாளைக்கு முன் நடந்தது. அதே கற்பிட்டி வீதி, அதே கொதிக்கிற வெயில், பின்னால் அதே சபீனா தாத்தாவும் கருவாடும். சாக்குகளை இப்போது அவருடைய மருமகன் ஏற்றிவிடுகிறான். பாலாவிக்குக் கிட்ட வரும்போது பின் டயர் ஒன்றில் காற்று இறங்கியது. வண்டியை ஓரங்கட்டினேன். ஜக் சீட்டுக்கு அடியில். சீட்டுக்கு மேல் தாத்தா.

பழைய பழக்கம் லேசில் போகாது. என் கை என்னைக் கேட்காமலே வண்டியின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. ஒரு கல்கூடக் கண்ணில் பட்டது. பிறகு சுலைஹா குனிந்து எடுத்த சாவி ஞாபகம் வந்தது, பார்க்கில் என் இடத்தைக் காத்து நின்ற டயர் ஞாபகம் வந்தது. கையை எடுத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, "தாத்தா, கோவிக்காதீங்க, கொஞ்சம் எறங்கி நிக்க ஏலுமா?" என்று கேட்டேன். கேட்டு முடிக்கவில்லை, தாத்தா இறங்கிவிட்டார். இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பின்னால் வளைந்து, நம் ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த அந்த நீண்ட பெருமூச்சை விட்டார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கப்படாதா தம்பி? எனக்கும் டிஸ்க்தான், ஏழெட்டு வருசமா. எறங்கி நிமிந்து நிக்க உசிரு துடிச்சிச்சி, நீ மரியாதைக்கு வண்டியத் தூக்குற நேரம் எறங்கினா நல்லா இல்லயே எண்டுதான் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தன்!"

என் டிஸ்க் விலகியதற்கு டொக்டர்மார் என்ன காரணம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், அன்று அந்த வண்டியில் தூக்க முடியாத பாரமாக இருந்தது எங்கள் இருவருடைய மரியாதைதான்.